வரலாற்று ஆசிரியர் கற்கும் களங்கள்



இலக்கிய வட்டத்தின் நிறைவு விழாவில் வரலாற்று ஆசிரியரைப் பற்றிய உரைக்கு இடம் ஏது என்னும் வினா எழுவது இயல்பே. புறநானூற்றைப் பாடம் சொல்லும் தமிழாசிரியரும், சேர சோழ பாண்டியரைப் பாடம் சொல்லும் வரலாற்று ஆசிரியரும் ஒரே வகுப்பறையில், ஒரே மாணவரிடம், ஒரே காலத்தைப் பற்றிப் பேசுகின்றனர். அடுத்தடுத்த பாடவேளைகளில் அவர்கள் சொல்வன ஒன்றோடொன்று முரணுமாயின், மாணவர் இரண்டையும் நம்பாமல் விடுவர். அல்லது தேர்வு முடிந்ததும் இரண்டையும் மறந்து விடுவர். ஆகவே வரலாற்று ஆசிரியர் தம் கல்வியைத் தொடர்கிறாரா, தொடர்வதற்கு அவருக்கு வாய்ப்பு உண்டா என்பது தமிழிலக்கியத்தின் மீது அக்கறையுள்ளோர் அனைவரும் எண்ண வேண்டிய செய்தியாகும்.

வரலாறு முடிந்துபோன ஒன்று என்றும், ஒருமுறை கற்றால் ஆயுள் முழுதும் போதும் என்றும் கருதுவோர் உளர். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதற்கு அண்மைக் காலச் சான்றுகளே போதும். தென்னகத்தில் இரும்பின் காலம் கி.மு. 1000-ஐ ஒட்டியது என்று பயின்று பட்டம் பெற்ற ஆசிரியர் பலர் இன்றும் பணியில் உள்ளனர். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 2172 என 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. 2025 சனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' என்னும் அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளை மாதிரிகளின் துணைகொண்டு அதனைக் கி.மு. 3345 வரை பின்னோக்கிக் கொண்டு சென்றுள்ளது. கீழடி பற்றி 2019-இல் வெளியான அறிக்கை, அவ்வூர்ப் பண்பாட்டின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டிற்குக் கொண்டு சென்றது.

இவ்வெண்களை மனப்பாடம் செய்து ஒப்புவித்தல் எளிது. ஆயின் ஒரு மாணவி எழுந்து, இந்த ஆண்டு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விடை சொல்ல வேண்டியவர் ஆசிரியர். ஆய்விற்கு உட்படுத்தப்பட்ட பொருள் யாது, அது எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, அதே அடுக்கில் இரும்பும் கிடைத்ததா, எத்தனை மாதிரிகள் ஒத்த முடிவைத் தந்தன, பிற அறிஞர் எவற்றில் உடன்படுகின்றனர், எவற்றில் மேலும் சான்று கேட்கின்றனர் என்பனவற்றை அவர் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவர் இருவழிகளுள் ஒன்றில் விழுவார். பழைய நூலைப் பற்றிக்கொண்டு புதியதை மறுப்பார். அன்றேல் ஆராயாமல் பெருமிதம் கொண்டு முழங்குவார். இரண்டும் கல்வி ஆகா.

பள்ளியாசிரியர் மூவர்

வரலாற்று ஆசிரியர்க்குப் பயிற்சி என்னும் சொல்லே வழக்கில் இல்லாத காலத்தில், பள்ளிக்கூடத்துப் பணியில் இருந்துகொண்டே தமிழக வரலாற்றுக்கு அடிப்படை அமைத்தவர் மூவரை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

முதலாமவர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். 1892-இல் திருப்புறம்பயத்தில் பிறந்த அவர், கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராக விளங்கினார். குடந்தையைச் சுற்றியுள்ள சோழர் காலக் கோயில்களின் சுவர்களே அவருக்கு நூலகமாயின. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் வெளிவந்த அவருடைய பிற்காலச் சோழர் வரலாறு இன்றும் எடுத்துப் பார்க்கப்படும் நூலாக நிற்கிறது. 'இலக்கியமும் கல்வெட்டுக்களும்' என்னும் அவர்தம் நூலின் பெயரே அவர் சென்ற வழியைக் காட்டும்.

இரண்டாமவர் மயிலை சீனி. வேங்கடசாமி. 1900-இல் மயிலாப்பூரில் பிறந்து, சென்னையில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர். 'பௌத்தமும் தமிழும்' 1940-இலும், 'சமணமும் தமிழும்' 1954-இலும் வெளிவந்தன. சிறுவர்க்கு அரிச்சுவடி கற்பித்த அதே கை, மறைந்துபோன தமிழ் நூல்களின் பெயர்களையும் எஞ்சிய செய்யுட்களையும் உரைகளிலிருந்து திரட்டி ஒரு நூலாக்கியது. களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று ஒதுக்கப்பட்ட நிலையில், அக்காலத்திற்கெனத் தனி நூல் எழுதியவரும் அவரே.

மூன்றாமவர் மா. இராசமாணிக்கனார். 1907-இல் பிறந்த அவர், சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். பல்லவர் வரலாறும் சோழர் வரலாறும் எழுதினார். 1920-களில் அகழ்ந்து காணப்பெற்ற சிந்துவெளி நாகரிகத்தைப் பற்றித் தமிழர் தமிழிலேயே படித்தறியும் வண்ணம் நூல் செய்தார். ஆங்கிலத்தில் வெளியான பெரிய அகழாய்வு அறிக்கைகளைப் பள்ளியாசிரியர் ஒருவர் பயின்று தம் மொழியில் தந்தார் என்பது சிறு செய்தியன்று.

மூவரும் பள்ளிகளில் பணியாற்றிய காலத்தில், இன்றுள்ளவை போன்ற பயிற்சி மையங்கள் எவையும் இல்லை. அவ்வாறாயின் அவர்கள் எங்கே கற்றனர்? மூன்று களங்களைக் குறிப்பிடலாம்.

ஒன்று, அச்சேறிய சான்றுகள். 1886-இல் சென்னை அரசு இயூஜின் ஹூல்ட்சு என்னும் செருமானிய அறிஞரைக் கல்வெட்டாய்வாளராக அமர்த்தியது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிகளின் முதல் மடலம் 1890-இல் வெளியாயிற்று. சுவரில் உள்ள கல்வெட்டின் பாடத்தை ஓர் ஆசிரியர் நூலில் ஒப்பிட்டுக் காண அது வழிவகுத்தது.

இரண்டு, தமிழ்ச் சங்கங்கள். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கமும், 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் புலவர்க்கு மட்டும் உரியனவாய் நில்லாமல், ஆராய்ச்சி உடையோர் கூடிப் பேசும் இடங்களாயின.

மூன்று, இதழ்கள். மதுரையின் 'செந்தமிழ்' இதழும் கரந்தையின் 'தமிழ்ப் பொழில்' இதழும் பள்ளியாசிரியரின் கட்டுரையையும் ஏற்றன. ஓர் இதழில் வந்த கருத்தைப் பிறிதொரு புலவர் மறுப்பார், மறுப்புக்கு விடை வரும், அவ்வாதத்தில் இருவரும் வளர்வர், படிப்பவரும் வளர்வர்.

சான்று, கூட்டம், ஏடு என்னும் இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தமையால் பள்ளியாசிரியர் வரலாற்றறிஞர் ஆயினர். இவற்றுள் பின்னைய இரண்டையும் வழங்கியவை இலக்கிய அமைப்புகளே என்பது இவ்வவையில் அழுத்திச் சொல்லத்தக்கது.

ஆயினும் இதனைக் கொண்டு, மன உறுதி உள்ளவர் எப்படியும் கற்பர், அரசு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று முடிவு கட்டுதல் தவறு. மூவர் வென்றனர் என்பதற்காக, வழியின்றித் தேங்கிப் போன நூற்றுக்கணக்கான ஆசிரியரை மறத்தல் ஆகாது. மேலும் மூவரும் ஆடவர். பள்ளி முடிந்ததும் கோயிலுக்கோ நூலகத்துக்கோ சென்று பொழுது சாய்ந்த பின் வீடு திரும்புதல் அக்காலப் பெண் ஆசிரியர்க்கு எளிதாய் இருந்ததில்லை. இன்றும் பலர்க்கு எளிதாய் இல்லை. ஆகவே நிறுவனங்கள் வேண்டும்.

இன்றுள்ள நிறுவன வாய்ப்புகள்

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுப் பணிக்காலத்துள் இரண்டு அல்லது மூன்று திங்களேனும் பணியிடைப் பயிற்சி பெறுதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பள்ளியாசிரியர்க்கென மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. கல்லூரி ஆசிரியர்க்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு, 1987 முதற்கொண்டு கல்விப் பணியாளர் கல்லூரிகளைப் பல்கலைக்கழகங்களில் அமைத்தது. அவை 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், பின்னர் மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் மாறின. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒருவர்க்கு ஆண்டிற்கு 50 மணி நேரப் பணித்திறன் வளர்ச்சிப் பயிற்சி வேண்டும் என்கிறது.

கல்லூரி ஆசிரியர்க்குப் பாடத்துறை சார்ந்த புத்தொளிப் பயிற்சி உண்டு. வரலாற்றுத் துறையினர் ஒன்றுகூடி, தம் துறையின் புதிய ஆய்வுகளைக் கேட்டறிய அஃது உதவுகிறது. பதவி உயர்வுக்கு அது கணக்கில் கொள்ளப்படுவதால், சான்றிதழை மட்டும் நாடி வருவோரும் உளர். அதனால் பயிற்சியின் பயன் குன்றிவிடாது. பயிற்சியின் இடைவேளையில் வேற்றூர் ஆசிரியரோடு உரையாடி நூற்பெயர் குறித்துக்கொண்டு திரும்புவோர் பலர்.

பள்ளியாசிரியரின் நிலை வேறு. தமிழகப் பள்ளிகளில் ஆறு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளில் வரலாறு தனிப்பாடம் அன்று. சமூக அறிவியலின் ஒரு பகுதி. வரலாறு பயின்ற ஆசிரியரே புவியியலும் குடிமையியலும் பொருளியலும் கற்பிக்கிறார். அவருக்கு அளிக்கப்படும் பயிற்சிகளிற் பெரும்பாலானவை கற்பிக்கும் முறை, மதிப்பீட்டு முறை, பதிவேடு ஆகியவை பற்றியன. இவை வேண்டா என்பதன்று. சமைக்கும் முறையை மட்டும் ஓராண்டுக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்து, அரிசியும் பருப்பும் தராவிட்டால் உலை எப்படிக் கொதிக்கும் என்பதே வினா. வரலாற்று ஆசிரியர்க்கு அரிசி என்பது சான்று.

சான்றோடு பழகும் வாய்ப்பினைத் தரும் இடங்கள் சில உண்டு. 1979-இல் நிறுவப்பெற்ற பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு, நாட்டின் பல மாநிலப் பள்ளியாசிரியர்களை அழைத்துக் கலை, சிற்பம், நினைவுச்சின்னம் ஆகியவற்றைப் பாடத்தோடு இணைக்கும் முறையைக் கற்பித்து வருகிறது. 1961-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் பட்டயப் படிப்பை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. 1981-இல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் தனித் துறைகள் உள. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் காலம் முதலான அரசு ஆவணங்களும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அரிய தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும் காக்கப்படுகின்றன.

பட்டயப் படிப்பு முழுநேரப் படிப்பு. பணியில் உள்ள ஆசிரியர் சேர்வதாயின் நீண்ட விடுப்பு வேண்டும். தில்லிக்குச் செல்லும் வாய்ப்பு ஒரு மாவட்டத்தில் மிகச் சிலர்க்கே கிட்டும். தென்காசியிலோ தர்மபுரியிலோ உள்ள ஆசிரியர் எழும்பூர்க் காப்பகத்தில் ஒரு வாரம் அமர்ந்து படிக்க எண்ணினால், பயணச் செலவும் தங்கும் செலவும் தம்முடையன. விடுப்பும் தம் கணக்கில் கழியும். வாய்ப்பு உண்டு, ஆசிரியர்க்கும் வாய்ப்புக்கும் இடையே பாலம் இல்லை.

கல்லில் உள்ளதும் நூலில் உள்ளதும்

சான்றை நேரிற் கற்ற ஆசிரியர்க்கும் கல்லாத ஆசிரியர்க்கும் வகுப்பறையில் என்ன வேறுபாடு தோன்றும் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டலாம்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. அவை ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியன. குடவோலை முறையைக் கூறுவன இவையே. சோழர் காலத்தில் மக்கள் வாக்களித்துத் தேர்தல் நடத்தினர் என்று மேடைகளிலும் வகுப்பறைகளிலும் சொல்லப்படுவது வழக்கம்.

கல்வெட்டின் பாடத்தைத் தாமே பயின்ற ஆசிரியர் அவ்வாறு சொல்ல மாட்டார். அங்கு நடந்தது வாக்களிப்பு அன்று, ஓலை எடுப்பு. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயரை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். குடும்புக்கு ஒருவராக 30 பேரைத் தேர்ந்து, அவருள் 12 பேரை ஆண்டு வாரியத்துக்கும், 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும், 6 பேரை ஏரி வாரியத்துக்கும் அமர்த்தினர். அவ்வூர் பிரமதேயம். வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டன. உழுகுடிகளுக்கும் பெண்டிர்க்கும் அவ்விதிகள் கதவைச் சாத்தின என்பது வெளிப்படை.

அதே ஆசிரியர், கல்வெட்டின் மறுபக்கத்தையும் காட்டுவார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அண்மையில் வாரியம் செய்தவர் மூன்றாண்டு கழிந்தாலன்றி மீண்டும் இடம்பெற இயலாது. பொதுப் பணத்தைக் கையாள்வோரைப் பற்றி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ச் சபை இத்துணைக் கண்டிப்பாக எழுதி வைத்தது என்பது வியக்கத்தக்கதே.

இன்னும் நுண்ணிய செய்தி ஒன்று உண்டு. 12-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, உறுப்பினரின் அகவை 30-க்கு மேல் 60-க்குள் இருத்தல் வேண்டும் என்கிறது. 14-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனை 35-க்கு மேல் 70-க்குள் என மாற்றுகிறது. இரண்டே ஆண்டில் விதியை ஏன் மாற்றினர்? இவ்வினாவைப் பாடநூல் கேட்பதில்லை. கல்லைப் படித்த ஆசிரியர் கேட்பார். வகுப்பில் முப்பது மாணவர் முப்பது விடை சொல்வர். எவ்விடைக்குக் கல்வெட்டில் இடமுண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துக் காணும்பொழுது, அவர்கள் வரலாற்றை மனப்பாடம் செய்யாமல் வரலாற்று முறையைக் கற்கின்றனர். ஆசிரியர் பெற்ற சில நாட் பயிற்சியின் பயன் அந்த ஒரு பாடவேளையில் வெளிப்பட்டு விடும்.

யாண்டும் மெய்க்கீர்த்தியும்

கல்வெட்டுப் பயிற்சி என்றதும் அஃது அறிஞர்க்கே உரிய அரிய கலை என்று அஞ்சுவோர் உளர். அடிப்படைகள் அத்துணை அரியன அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க முதலாம் இராசராசன் செப்புக் குடம் அளித்தது, அவனது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் எனக் கல்வெட்டு கூறுகிறது. அவன் முடிசூடியது கி.பி. 985-இன் நடுப்பகுதி. முடிசூடிய ஆண்டே முதலாம் யாண்டு ஆதலின், 25-ஆம் யாண்டு 1009-இன் நடுவில் தொடங்கும். அதன் 275-ஆம் நாள் 1010-ஆம் ஆண்டில் விழும். பெரிய கோயிலுக்கு 1010 என்னும் ஆண்டு எங்கிருந்து வந்தது என்பதை ஏழாம் வகுப்பு மாணவர் கூட்டிக் கழித்துத் தாமே கண்டறியலாம். கணக்குப் பாடமும் வரலாற்றுப் பாடமும் கைகோக்கும் இடம் இது.

கவிஞர்களுக்கு உவப்பான செய்தி மெய்க்கீர்த்தி. அரசன் புகழைச் செய்யுள் நடையிற் கூறிப் பின் ஆட்சியாண்டைச் சொல்லும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவன் இராசராசன். அவன் மகன் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு ஏற ஏற நீண்டுகொண்டே செல்கிறது. புதிய வெற்றி ஒன்று கிட்டியதும் புதிய அடிகள் சேர்கின்றன. கடாரப் படையெடுப்பு அவனது 14-ஆம் ஆண்டு முதலே இடம்பெறுகிறது. ஆகவே அப்படையெடுப்பு ஏறத்தாழ கி.பி. 1025 எனத் துணியப்படுகிறது. ஒரு செய்யுளின் நீளம் காலக் கணக்கிற்குக் கருவியாகும் விந்தையை இலக்கியமும் வரலாறும் அறிந்தவரே சுவைக்க இயலும்.

அவ்விடத்தில் எச்சரிக்கையும் வேண்டும். மெய்க்கீர்த்தி அரசன் சொல்லச் சொன்ன புகழ். தோற்றவர் தரப்பு அதில் இல்லை. உயர்வு நவிற்சி எது, நிகழ்ச்சி எது என்று பிரித்தறியும் பயிற்சி தமிழாசிரியரிடம் உண்டு. காலமும் இடமும் ஒப்பிடும் பயிற்சி வரலாற்று ஆசிரியரிடம் உண்டு. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் இருவர்க்கும் அது பணியிடைப் பயிற்சியே. திருக்கோவிலூர்ப் பகுதியில் உள்ள ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, ஔவையார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அசோகன் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் நீடித்த ஐயத்துக்கும் அது விடை தந்தது. புறநானூறு அறியாதவர் அக்கல்லின் அருமையை உணரார். அசோகனை அறியாதவரும் உணரார்.

காலம் தாழ்த்தலாகாத காரணம்

இவை யாவும் மெல்லச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட இயலாமைக்குக் காரணம் உண்டு. சான்றுகள் அழிந்து வருகின்றன. திருப்பணி என்னும் பெயரில் கோயிற் சுவர்களின் மீது மணல் வீச்சு நிகழ்த்தப்பட்டு எழுத்துகள் மழுங்கிய இடங்கள் பல. சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் மூடிய கல்வெட்டுகள் பல. வயல் வரப்பில் கிடந்த நடுகல் படிக்கல்லாகி விடுகிறது. ஒவ்வோர் ஊருக்கும் தொல்லியல் அலுவலர் ஒருவரை அமர்த்த எந்த அரசாலும் இயலாது. ஆனால் ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய ஊரிலும் ஓர் உயர்நிலைப் பள்ளியும், அதில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவரும் உண்டு. எழுத்து இருப்பதை அறிந்து, நிழற்படம் எடுத்து, உரிய துறைக்கு ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு அவருக்குப் பயிற்சி இருந்தால், ஓர் ஊரின் நினைவு பிழைக்கும். பள்ளிகள் சிலவற்றில் இயங்கும் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் இதனை மெய்ப்பித்துள்ளன. ஆர்வமுள்ள ஆசிரியர் வாய்த்த பள்ளிகளில் மாணவரே பானையோட்டையும் பழங்காசையும் அடையாளம் காண்கின்றனர். அவ்வாசிரியர் மாறுதல் பெற்றுச் சென்றால் மன்றமும் ஓய்ந்துவிடுவதே வருத்தத்துக்குரியது. ஒருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பி நிற்கும் எதுவும் நிலைக்காது.

இலக்கிய வட்டம் செய்யத்தக்கன

பண்டாரத்தார் காலத்தில் தமிழ்ச் சங்கங்கள் செய்த பணியை இன்றைய இலக்கிய வட்டங்கள் தம் அளவில் செய்தல் கூடும். பெருஞ்செலவு வேண்டாதன மூன்று.

முதலாவது, மாதக் கூட்டங்களுள் ஆண்டிற்கு இரண்டினைச் சான்று வாசிப்புக்கு ஒதுக்கலாம். ஒரு கல்வெட்டின் அச்சிட்ட பாடம், அதன் மைப்படியின் படம், அதே காலத்துச் செய்யுள் ஒன்று ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் கவிஞரும் சேர்ந்து வரி வரியாகப் படிக்கலாம். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும் பழைய ஆய்வு நூல்கள் பலவற்றையும் இன்று கணினி வழியே எவரும் படித்தல் கூடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பெருந்துணை. நூல் கிட்டவில்லை என்னும் பழைய குறை பெரிதும் நீங்கியுள்ளது. கூடிப் படிப்போர் இல்லை என்பதே இன்றைய குறை. இக்கூட்டங்களை ஞாயிறு முற்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகில், குழந்தைகளை உடன் அழைத்து வரத்தக்க இடத்தில் வைப்பின் பெண் ஆசிரியர் பலர் வருவர். நேரமும் இடமும் சிறு செய்திகளாகத் தோன்றலாம். யார் கற்பர், யார் கல்லாமல் நிற்பர் என்பதை முடிவு செய்வன அவையே.

இரண்டாவது, ஆண்டுக்கொரு களப்பயணம். தொலைவூர் வேண்டா, அரை நாளில் சென்று திரும்பும் கோயிலோ, குன்றோ, ஏரிக்கரையோ போதும். கல்வெட்டு படிக்க வல்ல ஒருவரை உடன் அழைத்துச் சென்று, உரிய ஒப்புதலோடு படம் எடுத்து, முன்பே பதிவானதா என்று தொகுதிகளோடு ஒப்பிட்டு, பதிவாகாததாயின் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். கல்லின் மீது சுண்ணம் தடவுதலும், கூரிய பொருளால் கீறுதலும், கிடைத்த பொருளை வீட்டுக்கு எடுத்துச் செல்லுதலும் ஆகா என்பதையும் அப்பயணமே கற்பிக்கும்.

மூன்றாவது, ஏடு. தஞ்சையில் இயங்கும் தொல்லியல் கழகம் 1991 முதல் 'ஆவணம்' என்னும் ஆண்டிதழை வெளியிட்டு வருகிறது. புதிதாகக் கண்டறிந்த கல்வெட்டு, நடுகல், காசு பற்றிய குறிப்புகளுக்கு அதில் இடம் உண்டு. எழுதியவர் பேராசிரியரா பள்ளியாசிரியரா என்பது அங்குத் தடையாவதில்லை. அத்தகைய இதழுக்கு எழுதும் துணிவு ஒரு நாளில் வாராது. வட்டத்தின் மலரிலும் சுற்றிதழிலும் ஆசிரியர் ஒருவர் தம் ஊரின் ஏரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதட்டும். கவிஞர் அதன் நடையைத் திருத்தட்டும். வரலாறு அறிந்தவர் அதன் சான்றைக் கேட்கட்டும். புகழ்ச்சி மட்டும் வழங்கும் அவையில் எவரும் வளர்ந்ததில்லை. இக்கூற்றுக்குச் சான்று எங்கே என்று அன்போடு கேட்கும் அவையில் எழுதியவர், மறுமுறை செம்மையாகவே எழுதுவர்.

அரசினிடம் கேட்க வேண்டுவனவும் உண்டு. சான்றோடு பழகும் பயிற்சிக்கு ஆண்டில் ஐந்து நாளேனும் பணிநாளாகக் கருதும் ஒப்புதல், மாவட்டத்துக்கு ஒரு கல்வெட்டுப் பயிலரங்கு, ஆவணக் காப்பகத்தில் படிக்க விரும்பும் பள்ளியாசிரியர்க்குச் சிறு உதவித்தொகை ஆகிய மூன்றும் பேராசை அல்ல. அவற்றைக் கேட்பதற்கு ஆசிரியர் சங்கங்களோடு இலக்கிய அமைப்புகளும் குரல் சேர்த்தல் நன்று.

பத்தாண்டுகளில் இவ்வட்டம் கவிஞர் பலரை வளர்த்துள்ளது. பாடலுக்குப் பொருளாகும் மண்ணையும் மக்களையும் அடுத்த தலைமுறைக்கு முதலிற் சொல்பவர் வகுப்பறையில் நிற்கும் வரலாற்று ஆசிரியர். அவருக்கு இவ்வவையில் ஓர் இருக்கையும், படிக்க ஒரு சான்றும், எழுத இரு பக்கங்களும் வரும் ஆண்டு முதல் ஒதுக்கப்படுமாயின், அது இவ்விழாவின் பயனாக நிற்கும். வட்டம் வளர்க, அதனால் ஊர் தன் வரலாற்றை அறிக.